மூணாம் ஷிப்ட் பூட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை வீட்டில் கூடியிருந்தவர்கள்: ஐயாதுரை, பஞ்சுமில்லில் ரிங் பிரேம் ஃபிட்டர், நிரந்தர மூணாம் ஷிப்ட். அவன் மனைவி ஜெயபாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக நூலகர். அவளுடைய அண்ணன் பொன்னுராஜ், போலீஸ் ஏட்டு, யூனிபாரம் போடாத நாளிலும் பெல்ட்டைக் கழற்றாதவர். ஐயாதுரையின் அக்கா செல்லக்கனி, மடவார் வளாகத்திலிருந்து இதற்கென்றே பஸ் ஏறி வந்தவள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, யாரும் கூப்பிடாமல் வந்தவள். அவள் புருஷன் வீரணன். அவனும் மூணாம் ஷிப்ட். வந்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டதால் அவனை இருந்தவன் என்றும் சொல்லலாம், இல்லாதவன் என்றும் சொல்லலாம்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஜெயபாய்க்கு மதுரையில் எம்.எல்.ஐ.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. நூலகமும் தகவல் அறிவியலும், ஒரு வருஷப் படிப்பு. ஹாஸ்டலில் தங்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அசல் சர்டிபிகேட்டுகளோடு போய்ச் சேராவிட்டால் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்கு அந்த இடம் போய்விடும்.

"லைப்ரரில என்னட்டி வேல?" என்று ஆரம்பித்தாள் செல்லக்கனி. "புத்தகத்த எடுத்துக் குடுக்கணும், திருப்பி வாங்கி வைக்கணும். அதுக்கே ஒரு டிகிரி படிச்சாச்சு. இன்னொண்ணு எதுக்கு, ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுக்கவா?"

முத்துப்பேச்சி சிரித்தாள். ஜெயபாய் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"புத்தகம் மட்டும் இல்ல மதினி. மில்லுல, ஆஸ்பத்திரியில, ஆபீசுல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சது எங்கெங்கயோ சிதறிக் கெடக்கு. வேணுங்கிற நேரத்துல வேணுங்கிற ஆளு கைக்கு அது வந்து சேரணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு. இப்பம் கம்ப்யூட்டரு வேற வந்துக்கிட்டிருக்கு."

"எங்க ஸ்டேசன்ல பழைய கேஸ் கட்டு மலையாக் குமிஞ்சு கெடக்கு" என்றார் பொன்னுராஜ். "நீ வந்து அத அடுக்கிக் குடு. நானே ஒரு சர்டிபிகேட் எழுதித் தாரேன்."

"அடுக்குததுல என்ன இருக்குண்ணே. எங்க பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாரு எடுத்த புத்தகத்த எடுத்த எடத்துல வைக்கவே மாட்டாரு. தொலைச்சாக்கூடப் பரவாயில்ல, வேற வாங்கிருவேன். எடத்த மாத்தி வச்சுட்டா அது இருக்கும், ஆனா கெடைக்காது. இருக்குங்கதனால வேற வாங்கவும் மாட்டாவ."

செல்லக்கனி தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பஸ் ஏறி வந்த காரணத்துக்கு வந்தாள்.

"சரிட்டி, நீ போயிருவ. எந்தம்பிய யாரு பூட்டுவா?"

அதுதான் கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மூணாம் ஷிப்ட்காரன் ராத்திரி வேலை முடிந்து காலையில் எட்டரை மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பான். அவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தால் பால்காரன் தட்டுவான், சீட்டுக்காரன் தட்டுவான், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவன் எழுந்து வரும்வரை தட்டுவான். அதனால் மில் தெருவில் வழக்கம் வேறு. படுத்தவனை உள்ளே வைத்து, வெளியே பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பொம்பிளை வேலைக்குப் போய்விடுவாள். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்ட மாட்டார்கள். தெருவில் பாதி வீடு பகல் முழுக்கப் பூட்டியிருக்கும். பாதிப் பூட்டுக்குப் பின்னால் ஒருத்தன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

ஆறு வருஷமாக ஐயாதுரையை ஜெயபாய்தான் பூட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அந்த இழுப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்குக் கண் சொருகும். சாயங்காலம் சாவி திரும்புகிற சத்தத்துக்கு விழிப்பான்.

"நான் பூட்டுதேன்" என்றாள் முத்துப்பேச்சி. "என் வீட்டு ஆளத்தான் தெனமும் பூட்டுதேன். அதோட இன்னொரு பூட்டு. ரெண்டு ஆம்பளையப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் போனா நமக்கும் ஒரு கெத்துதான்."

"எங்க லாக்கப்புலகூட இம்புட்டு ஒழுங்கு கெடையாது" என்றார் பொன்னுராஜ். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார். "மாப்ள என்ன சொல்லுதிய?"

எல்லோரும் ஐயாதுரையைப் பார்த்தார்கள். ஜெயபாய் மட்டும் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகட்டும்" என்றான்.

கேள்வி முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்ட பதில் அது. அப்படி வந்த பதிலை நம்பக் கூடாது. ஆனால் அங்கே எல்லோருக்கும் அதை நம்ப வேண்டியிருந்தது.

அந்த வாரம் அவனுக்குத் தூக்கம் கூடவில்லை. பூட்டு விழும், இழுப்புச் சத்தமும் கேட்கும், கண் மட்டும் மூடாது. எழுந்து நடப்பான். வாசலிலிருந்து பின்பக்கக் குளியலறை வரைக்கும்தான் நடக்க இடம் உண்டு. அதற்கப்பால் மில் குடோனின் உயரச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. திரும்பி வாசலுக்கு வருவான். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பான். மறுபடியும் பின்னால் போவான்.

வீட்டில் எதைத் தொட்டாலும் அவள் கையெழுத்து. டப்பாக்களில் சீட்டு ஒட்டியிருப்பாள், மருந்துப் பெட்டியில் ஒட்டியிருப்பாள். அவனுடைய பழைய டூல் பைக்கும் அறை அறையாகப் பிரித்துச் சீட்டுத் தைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அவன் அதற்கு எரிந்து விழுந்திருக்கிறான். பிறகு பழகிவிட்டது. எதையும் தேடாமல் இருக்கப் பழகிவிட்ட ஆளுக்குத் தேடவே தெரியாமல் போய்விடும்.

அவனும் கல்லூரிக்குப் போனவன்தான். பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருஷம். பரீட்சை ஹாலில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேள்வித்தாளைப் பார்த்தான். எழுந்து வெளியே வந்தான். நேரே ராஜபாளையம் ரயில் நிலையத்துக்குப் போய் செங்கோட்டை வண்டி வந்து போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு கல்லூரிப் பக்கம் திரும்பவில்லை. யாராவது கேட்டால் அப்பா செத்துப்போனதால் படிப்பு நின்றதாகச் சொல்வான். அப்பா செத்தது அதற்கு அடுத்த வருஷம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயபாய் துணிகளை ஒரு பையில் அடுக்கிவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதென்று குடத்தோடு போனாள். சர்டிபிகேட் ஃபைல் பைமேல் இருந்தது. ஐயாதுரை அதைத் திறந்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., பி.எல்.ஐ.எஸ். கடைசியாக இருந்ததை மட்டும் உருவி எடுத்துப் பாயில் உட்கார்ந்து படித்தான். கெட்டிக் காகிதம். பெயருக்கு முன்னால் அவள் அப்பா பெயரின் முதலெழுத்து. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, அவன் மில்லுக்குப் போன நேரங்களில் அவள் தபாலில் படித்து வாங்கியது. அந்தக் காகிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. இருக்க வேண்டியதும் இல்லை. இருந்தாலும் இரண்டு தரம் தேடினான்.

வாசலில் குடத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. காகிதத்தைப் பாய்க்கு அடியில் தள்ளினான். அவள் உள்ளே வந்து ஃபைலைப் பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறந்துபோய்விட்டது என்று பின்னால் செல்லக்கனியிடமும் பொன்னுராஜிடமும் சொன்னான். மறக்கவில்லை. மில்லில் பிரேமுக்குப் பிரேம் நடக்கும்போதெல்லாம் அது ஞாபகத்தில் இருந்தது. அவள் விடிகாலை ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். சூப்பர்வைசரிடம் சொல்லி வெளியே போகச் சீட்டு வாங்கினால் சைக்கிளில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவள் கிளம்புமுன் ஒருதரம் சரிபார்ப்பாள், பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டே விடிய விட்டான்.

அவள் பார்க்கவில்லை. ஒரு தரம் சரியாக வைத்ததை இன்னொரு தரம் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பூட்டு ஒன்றைத் தவிர.

காலையில் ஐயாதுரை வீட்டுக்கு வந்தபோது முத்துப்பேச்சி வாசலில் அவசரத்தோடு நின்றாள். செட்டியார்பட்டி ரோட்டில், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி மடிக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை.

"சீக்கிரம் உள்ள போங்க தம்பி. எங்க வீட்டு ஆளப் பூட்டியாச்சு. நீங்கதான் பாக்கி. சோறு அடுப்புமேல இருக்குன்னு ஜெயபாய் சொல்லச் சொன்னா."

"வேற எதுவும் சொன்னாளா?"

"வேற என்ன சொல்லணும்? போய்ட்டு வாரேன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனா."

உள்ளே போனான். பூட்டு விழுந்தது. முத்துப்பேச்சி இழுத்துப் பார்க்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் தெருவில் கரைந்தது.

பாய்க்கு அடியில் கையை விட்டான். காகிதம் இருந்தது. ஓர் ஓரம் மடங்கியிருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். சோற்றைத் தொடவில்லை. பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கத்த ஆரம்பித்தான்.

"ஏலே, யாரு போறது? இங்க வா!"

தெருவில் ஆளே இல்லை. அந்த நேரத்துக்குத் தெருவில் இருப்பவர்கள் எல்லாம் பூட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள்தான். ரொம்ப நேரம் கழித்து ஒரு பாத்திரக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சத்தம் கேட்டு நின்றான். கதவைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"உள்ள யாரு?"

"நாந்தான். வீட்டுக்காரன்."

"வெளிய பூட்டியிருக்கே."

"ஆமா. சாவி செட்டியார்பட்டி ரோட்டுல காஸ் பட்டறையில முத்துப்பேச்சின்னு ஒரு அக்காகிட்ட இருக்கு. செத்த போய் வாங்கிட்டு வந்து தொறந்து விடுங்க. அவசரம்."

பாத்திரக்காரன் யோசித்தான். "வீட்டுல உள்ளவுகளே பூட்டிட்டுப் போயிருக்காகளா?"

"ஆமாய்யா."

"அப்பம் ஏதாச்சும் காரணம் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனான். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஐயாதுரை மறுபடியும் கத்தினான். ஜன்னல் கம்பியைத் தட்டினான். கதவை உதைத்தான். குடோன் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினான். வாசலுக்கு வந்தான். தொண்டை கட்டியது. கட்டியதில் ஒரு திருப்தியும் இருந்தது. கத்தினேன், யாரும் வரவில்லை என்று நாளைக்குச் சொல்லலாம். தொண்டையே சாட்சி.

பக்கத்துச் சுவரில் அந்தப் பக்கமிருந்து யாரோ குத்தினார்கள்.

"ஏலே ஐயாதொர, என்னலே எழவு? மனுசன் தூங்க வேண்டாமா?" வீரணனின் குரல், தூக்கத்தில் புளித்துப்போன குரல்.

"ஜெயபாய் சர்டிபிகேட்டு இங்க கெடக்குண்ணே. இன்னிக்குக் கடைசி நாளு. அது இல்லாம சேக்க மாட்டானுவ."

"அதுக்கு?"

"பூட்டிட்டுப் போயிட்டாவ. எப்படிப் போவேன்?"

வீரணன் மறுபடி தூங்கிவிட்டான் என்று ஐயாதுரை நினைத்தான். பிறகு குரல் வந்தது. இந்தத் தடவை அதில் தூக்கம் இல்லை.

"நீ ஃபிட்டர்தானலே?"

ஐயாதுரை சுவரை விட்டு ஒரு எட்டுப் பின்னால் வந்தான்.

"கதவுல மூணு பட்டக் கீலு. அம்புட்டு ஸ்க்ரூவும் உன் பக்கம்தான் இருக்கு. கழத்தாம இம்புட்டு நேரமா எதுக்குலே கத்திக்கிட்டுக் கெடக்க?"

அது ஐயாதுரைக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கீல்களை மாட்டியதே அவன்தான். முதல் தரம் கத்துவதற்கு முன்னால் அவன் கண் போன இடமே அந்த மூன்று கீல்களும்தான். கண்ணைத் திருப்பிக்கொண்டுதான் ஜன்னலுக்குப் போனான்.

"கேக்குதாலே?" என்றான் வீரணன். "இல்ல, போக மனசில்லன்னா பேசாமப் படு. என்னையும் தூங்க விடு."

நல்ல புத்தி வந்து எழுந்தான் என்று சொல்வதற்கில்லை. ஒருத்தனுக்குத் தெரிந்துபோயிற்று. இனி நாளைக்கு எதைச் சொன்னாலும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருப்பான். ஐயாதுரை டூல் பையை எடுத்தான். இருட்டு மூலையில் பையை விரித்தபோது கை நேராகப் பெரிய ஸ்க்ரூ டிரைவரில் போய் நின்றது. அறைமேல் சீட்டு. 'ஸ்க்ரூ டிரைவர், பெரிசு.' அவள் எழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருக்கும்.

கீழ்க்கீல் துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினான். மூன்றும் கழன்றதும் கதவு கீல் பக்கம் சரிந்து, பூட்டிலேயே தொங்கியது. அந்தச் சந்தில் உடம்பை ஒருக்களித்து வெளியே வந்தான். தெருவில் நின்று பார்த்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவுதான் திறந்திருந்தது. ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். நடை பாதியில் ஓட்டமானது.

மதுரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவன் உட்காரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் ஏறியது. ஒரு கிழவர், "உக்காரலாம்ல தம்பி, ஊரு ஓடியா போவும்?" என்றார். உட்கார்ந்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டுமுன் எழுந்துவிட்டான். காகிதத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தான். வியர்வை படக் கூடாதென்று வெளியே எடுப்பான். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று உள்ளே வைப்பான். திருமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்தார். ஐயாதுரை இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஏறினான். அவள் அங்கே இருப்பாளா, அழுதுகொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாளா, எதிரே வருகிற பஸ்களில் ஒன்றில் இருக்கிறாளா என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். அப்படித் திரும்பி வந்துகொண்டிருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் விரட்டவில்லை. அதுவாகப் போயிற்று.

மதுரையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆபீஸ் வராந்தாவில் ஜெயபாய் தன் துணிப் பைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல். அழுத முகம் இல்லை. கணக்குப் போட்டு முடித்த முகம்.

அவனைப் பார்த்ததும் எழுந்தாள். கையை நீட்டினாள். அவன் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். மடங்கிய ஓரத்தை அவள் கட்டைவிரலால் நீவினாள். காலையில் அவன் நீவிய அதே ஓரம்.

"தொலையலன்னு தெரியும்" என்றாள். "எடம் மாறியிருக்குன்னு நெனச்சேன். எங்க இருந்துச்சு?"

"பாய்க்கு அடியில."

"அங்க எப்படிப் போச்சு?"

"நாந்தான் எடுத்தேன். பாக்கதுக்கு."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

அவள் காகிதத்தை ஃபைலில் அதன் இடத்தில் சொருகினாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். "முத்துப்பேச்சி அக்கா இன்னிக்கு வேலைக்குப் போவலயா?"

"போயிருக்கு."

"பொறவு யாரு தொறந்தா?"

"கீலக் கழத்துனேன்."

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கதவு அவளுக்கும் தெரியும். எந்தப் பக்கம் ஸ்க்ரூ என்பதும் தெரியும்.

"எத்தன மணிக்குக் கழத்துனிய?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். தொண்டை கட்டியிருந்ததால் குட்டையான பதில்தான் வந்தது.

"பதினொண்ணு இருக்கும்."

"எட்டரைக்கு வந்திய."

"ஆமா."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வராந்தாவின் கடைசியில் ஆபீஸ் கதவருகே பியூன் ஒரு கையில் பூட்டோடு வந்து நின்று குரல் கொடுத்தார்.

"நாலாகப் போகுது. கடைசி நாளு. உள்ள வர்றவுக வந்திருங்க. உள்ள இருக்கவுகளுக்கு எந்நேரமானாலும் முடிச்சுக் குடுத்துருவாக. கதவப் பூட்டுனா பொறகு ஆண்டவனே வந்தாலும் தொறக்க மாட்டேன்."

ஜெயபாய் பையைத் தூக்கினாள். ஐயாதுரை கை நீட்டினான்.

"நானே எடுத்துக்கிடுதேன்" என்றாள். அதில் கோபமில்லை. பையின் கனம் எவ்வளவென்று பார்க்கிற ஆளைப் போலச் சொன்னாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "வீடு தொறந்தா கெடக்கு?"

"கல்லு வச்சிருக்கேன்."

"ஸ்க்ரூ எங்க?"

அவன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். ஸ்க்ரூக்கள் கலகலத்தன.

"போனதும் மாட்டிருங்க. கீழ்க்கீலுக்குப் புதுசு வாங்கணும்."

"இன்னிக்கு வந்திருவியா?"

"ஹாஸ்டல்லதான். நாளையிலருந்து கிளாசு." சொல்லிவிட்டு நடந்தாள். அவனும் பின்னால் போனான்.

"நீங்க யாரு?" என்றார் பியூன்.

"வீட்டுக்காரரு" என்றாள் ஜெயபாய்.

"படிக்கிறவுக மட்டுந்தான் உள்ள. வீட்டுக்காரருக வெளிய இருங்க."

ஜெயபாய் வாசல்படியில் செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். உள்ளே நீளமான மேசை, டியூப்லைட், நாலைந்து தலைகள். அவள் வரிசையின் கடைசியில் போய் நின்று ஃபைலைத் திறந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை. பியூன் உள்ளே போய்க் கதவின் இரண்டு பலகையையும் சேர்த்துச் சாத்தினார். நாதாங்கி விழுந்தது. பூட்டு விழுந்தது. பிறகு உள்ளேயிருந்து, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.